தாளம் பாதி, தாள் பாதி: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு ஜாஸ் ஆல்பம் வெளியிடுவது எப்படி

ஏழு ட்ராக், மொத்தம் நாற்பத்தாறு நிமிடம். ஆல்டோ சாக்ஸ், பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ் ஒரு பக்கம். பம்பை, பறை, நாதஸ்வரம் இன்னொரு பக்கம். நடுவில் கியூபா, பிரேசில், கிரேக்கத் தாளங்கள். இந்த ஆல்பத்தை வெளியே கொண்டுவர எனக்குப் பதினான்கு மாதம் பிடித்தது. வழி தெரிந்திருந்தால் எட்டு மாதத்தில் முடித்திருப்பேன். கையில் கொஞ்சம் காசும் மிஞ்சியிருக்கும்.

நான் பேண்டு வாத்தியக் குழுவில் சாக்ஸ் பிடித்துப் பழகியவன். கல்யாண ஊர்வலங்களில் வாசித்த பிறகுதான் ஜாஸ் பக்கம் வந்தேன். சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தால் சந்தேகம் கேட்க நாலு பேர் இருப்பார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் இருந்துகொண்டு இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு ஏதாவது ஒரு வாத்தியம் வாசிக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. எதை எதோடு சேர்ப்பது? வாயால் சொல்லிப் பாருங்கள்

முதலில் எல்லாரும் செய்யும் தப்பு, எல்லா நாட்டுத் தாளத்தையும் கொஞ்சம் கொஞ்சம் அள்ளி ஒரே ட்ராக்கில் போடுவது. என் முதல் டெமோ அப்படித்தான் இருந்தது. கேட்ட நண்பர் "கோயில் கதம்ப சாதம் மாதிரி இருக்குது, ஆனா உப்பு இல்ல" என்றார். அப்புறம் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஒரு ட்ராக்குக்கு ஒரு வெளியூர்த் தாளம், ஒரு நம்மூர் அடி. இரண்டுக்கும் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும்.

எண்ணிக்கை ஒன்றுதானா என்று பார்க்க நோட்டேஷன் வேண்டாம், சொற்கட்டு போதும். பம்பைக்காரருக்கு ஸ்டாஃப் நோட்டேஷன் தெரியாது. ஜாஸ் டிரம்மருக்குக் கோர்வை, அதாவது நம்மூர் முடிப்புக் கணக்கு, தெரியாது. வாயால் சொல்வது இரண்டு பேருக்கும் வரும்.

கியூபா இசையின் அடிப்படைத் தட்டான சோன் கிளாவேயை எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறு மாத்திரைக்குள் ஐந்து தட்டு. இப்படிச் சொல்லுங்கள்: தகிட தகிட தகதிமி தக தகதிமி. மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் கை தட்டினால் கிளாவே வந்துவிடும். கடைசி இரண்டு சொல்லை மாற்றி, தகிட தகிட தகதிமி தகிட தகிட என்று சொன்னால் பிரேசிலின் போசா நோவா அடி. இரண்டும் பதினாறுதான். அட்சரத்துக்கு இரண்டு வீதம் போட்டால் ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தில் அப்படியே உட்காரும். எங்கள் பம்பைக்காரர் அண்ணன் இதை இரண்டு தடவை கேட்டார், மூன்றாவது தடவை வாசித்தே விட்டார். டிரம்மருக்குத்தான் அவருடைய தீர்மானத்தை (தாளத்தை முடிக்கும் அடி) பிடிக்க ஒரு மத்தியானம் முழுக்க ஆனது.

ஏழு எண்ணிக்கைக்கு வாருங்கள். நம்முடைய மிஸ்ர சாபு 3+2+2. கிரேக்கர்கள் கைகோத்து ஆடும் கலமத்தியானோஸ் நடனத்தின் தாளமும் அதே 3+2+2. வேகம் எவ்வளவு என்று மட்டும் பேசிக்கொண்டால் போதும், பிரிப்பில் சண்டை வராது.

ஜாஸின் ஸ்விங் என்பது மூன்று எண்ணிக்கைத் தகிடவின், அதாவது திஸ்ரத்தின், நடு எழுத்தை விழுங்குவது: த... ட, த... ட. பறைக்காரரிடம் "ஸ்விங்" என்று சொன்னால் முழிப்பார். "திஸ்ரம், நடுவுல விட்டுடுங்கண்ணா" என்று சொன்னால் உடனே அடிப்பார்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஐந்து எண்ணிக்கை என்றதும், அந்த எண்ணிக்கையில் வந்த பிரபல ஜாஸ் பாட்டை நினைத்து யாராவது ஒருவர் "டேக் ஃபைவை நம்ம கண்ட சாபுல போட்டா என்ன?" என்பார். எங்கள் குழுவிலும் சொன்னார்கள். இரண்டு சிக்கல். கண்ட சாபு 2+3. அந்தப் பாட்டு 3+2, தலைகீழ். இரண்டாவதுதான் பெரியது: அதற்கு இன்னும் பதிப்புரிமை இருக்கிறது. எழுதிய பால் டெஸ்மண்ட் 1977-இல் இறந்தார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு, அதாவது 2037 கடைசி வரை உரிமை நீடிக்கும். அமெரிக்கக் கணக்கில் அதற்கு மேலும் போகும். பழைய ஜாஸ் பாட்டு என்றாலே பொதுச் சொத்து என்று நினைக்காதீர்கள். சினிமாப் பாட்டுக்கும் இதே கதைதான். இந்தியாவில் கவர் பதிவுக்குச் சட்டப்பூர்வ லைசென்ஸ் உண்டு. ஆனால் முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு கழிந்திருக்க வேண்டும், குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்கூட்டியே கட்ட வேண்டும். முதல் ஆல்பத்துக்கு இந்தத் தலைவலி தேவையில்லை. சொந்த மெட்டில் போங்கள்.

மாரியம்மன் தாலாட்டு, கூத்து மெட்டு மாதிரி மரபில் வந்தவற்றை எடுக்கலாம். ஆனால் படிவத்தில் இசையமைப்பாளர் இடத்தில் உங்கள் பெயரை மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள். "மரபு" என்று போட்டு, ஏற்பாடு செய்தது நீங்கள் என்று எழுதுங்கள். உயிரோடு இருக்கும் ஒரு வாத்தியார் கட்டிய மெட்டு என்றால் அவர்தான் இசையமைப்பாளர். கேட்காமல் எடுக்காதீர்கள்.

2. சுருதியை எழுதி வையுங்கள்

நாதஸ்வரத்தின் சுருதி கருவியோடு வந்தது. பியானோ மாதிரி நினைத்த இடத்துக்கு மாற்ற முடியாது. ஆகவே நாதஸ்வரக்காரர் எத்தனை கட்டை (சுருதியின் உயரம்) என்று கேட்டுவிட்டுத்தான் ட்ராக்கை எழுத ஆரம்பிக்க வேண்டும். நான் எழுதிவிட்டுக் கேட்டேன். மூன்று ட்ராக்கைத் திரும்ப எழுதினேன்.

எங்களுடையது இரண்டரைக் கட்டை. மேற்கத்தியக் கணக்கில் டி ஷார்ப், அதாவது ஈ ஃப்ளாட். ஆல்டோ சாக்ஸும் ஈ ஃப்ளாட் கருவி. அதில் "சி" என்று எழுதியிருப்பதை வாசித்தால் வெளியே கேட்பது ஈ ஃப்ளாட். ஆக, நாதஸ்வரத்தின் ஆதார ஸ்வரமான ஷட்ஜமும் சாக்ஸின் "சி"யும் ஒன்றாக விழுந்தன. எனக்கு விரல் சுகம். பியானோ வாசித்தவர் கொஞ்சம் முணுமுணுத்தார்.

3. நாள் குறிக்கும் முன் பஞ்சாங்கம் பாருங்கள்

ஸ்டூடியோ எப்போது கிடைக்கும் என்று பார்ப்பதைவிட உங்கள் கலைஞர்கள் எப்போது சும்மா இருப்பார்கள் என்று பாருங்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்களில் நாதஸ்வரம், தவில் கிடைக்காது. ஆடியில் கல்யாணம் இல்லை, சரி. ஆனால் அம்மன் கோயில் திருவிழா என்று பம்பைக்காரர்கள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார்கள். மாசியில் சிவராத்திரியை ஒட்டி மயானக் கொள்ளை. காவேரிப்பட்டணம் பக்கத்தில் அந்த வாரம் பம்பைக்காரரிடம் பேசவே முடியாது. கோடையில் பாரதக் கூத்து தொடங்கினால் பதினெட்டு நாள் ஆளைப் பார்க்க முடியாது.

மிச்சம் இருப்பது புரட்டாசியும் மார்கழியும்தான். புரட்டாசியில் ஒத்திகை, மார்கழியில் பதிவு என்று வைத்தால் கச்சிதம். நான் முதலில் வைகாசியில் ஸ்டூடியோ பிடித்தேன். நாதஸ்வரக்காரர் வரவில்லை. முன்பணம் திரும்பி வரவில்லை.

புரட்டாசிக்கு இன்னொரு சௌகரியம் உண்டு. மாங்காய் சீசன் முடிந்து மண்டிகள் காலியாகக் கிடக்கும். தெரிந்தவரின் மண்டியில் ஆறு நாள் ஒத்திகை பார்த்தோம், வாடகை கிடையாது. தகரக் கூரையில் பறைச் சத்தம் எதிரொலித்துக் காது அடைக்கும். மூலையில் கிடந்த வைக்கோலையும் சாக்குகளையும் சுவரோரம் அடுக்கிய பிறகு பேஸ் என்ன வாசிக்கிறார் என்று கேட்க ஆரம்பித்தது.

கலைஞர்களைத் தெரியாதவர்களுக்கு: கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாதஸ்வரம், தவில் சொல்லித்தரும் ஆசிரியர்களிடம் போய்ப் பேசுங்கள். பம்பை, பறைக்குக் கூத்துக் குழுக்களிடம்தான் போக வேண்டும். போகும்போது வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுங்கள். ஜிபேயில் அனுப்பிவிட்டுத் தேதி வாங்கலாம்தான். தட்டில் வைத்துக் கொடுத்த தேதிக்கு இருக்கும் உறுதி அதற்கு இல்லை.

4. தாள் வேலை: பதிவுக்கு முன்பே கையெழுத்து

"நம்ம பசங்கதானே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று நானும் விட்டேன். ஆல்பம் ஏற்றும் சமயத்தில் ஒருவர் வெளிநாடு போய்விட்டார், கையெழுத்துக்கு ஐந்து வாரம் காத்திருந்தேன்.

ஒப்பந்தம் தமிழிலேயே இருக்கலாம். இரண்டு பக்கம் போதும். யார், எந்த ட்ராக்கில், என்ன வாத்தியம், எவ்வளவு சம்பளம், எப்போது, பதிவை ஆல்பமாக வெளியிடவும் இணையத்தில் ஏற்றவும் சம்மதம், பெயர் எப்படி எழுத வேண்டும், படம் போடலாமா, வருமானத்தில் பங்கு உண்டா, எத்தனை சதவீதம். இவை எல்லாம் இருக்கட்டும்.

கூடவே மூன்று வரியைக் கட்டாயம் எழுதுங்கள். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் பதிப்புரிமைச் சட்டம் ஐந்தே ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். எந்த எல்லைக்குள் என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். எழுதிக் கொடுத்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி குறிப்பிட்டிருந்தால் ஒழிய, அது காலாவதி ஆகிவிடும். பதினான்கு மாதம் இழுத்த எனக்கு இந்த மூன்றாவது வரியின் அருமை தெரியும். முதலில் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரிடம் மறுபடி வாங்க வேண்டியிருந்தது.

எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் குழுவில் இருந்தால், அவர் வீட்டுப் பிள்ளைகள் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள். படித்துக் காட்டியதாக ஒரு வரி எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பிரதி அவரிடம் இருக்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் ஆதார் நகல், பான் எண், பாஸ்புக் முதல் பக்கம் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். பறை, பம்பைக் கலைஞர்கள் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய உறுப்பினரா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்றால், நகல்கள் கையில் இருக்கும்போதே அந்த விண்ணப்பத்துக்கும் உதவி செய்யலாம்.

5. ஸ்டூடியோ

இங்கிருந்து ஓசூர் ஐம்பது கிலோமீட்டர், பெங்களூர் தொண்ணூறு. கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது என்பதால் வண்டிதான். மஞ்சள் போர்டு வண்டியில் பெங்களூர் போகிறீர்கள் என்றால் கர்நாடகப் பர்மிட் செலவு யாருடையது என்று டிரைவரிடம் முன்பே பேசிவிடுங்கள். எல்லையில், அத்திப்பள்ளியில் நின்று பேரம் பேசினால் ஸ்டூடியோ மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். தர்மபுரிக்காரர்களுக்கு ரயில் இருக்கிறது, ஆனால் பம்பையும் டிரம்ஸும் சுமந்துகொண்டு அது வேண்டாத வேலை.

முன்பதிவு செய்யும்போது இதையெல்லாம் கேளுங்கள்: எல்லாரும் ஒரே நேரத்தில் வாசிக்கத் தனித்தனி அறை உண்டா? இன்ஜினியர் சம்பளம் வாடகையில் சேர்ந்ததா? வெளியே நெருப்பு மூட்ட இடம் உண்டா?

கடைசிக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். கேளுங்கள். பறையைக் காய்ச்சாமல் அடிக்க முடியாது. உள்ளே நெருப்புக்கு அனுமதி இல்லை. மொட்டை மாடியில் காகிதமும் சுள்ளியும் போட்டுக் காய்ச்சி, படியிறங்கி ஓடிவந்து வாசித்தோம். ஏசி அறையில் இருபது நிமிடத்தில் தோல் தொய்ந்து சத்தம் மந்தமாகிவிட்டது. மறுபடி மாடி. ஒரு ட்ராக்கின் முதல் டேக்கையும் (ஒரு தடவை வாசித்துப் பதிந்தது) நான்காவது டேக்கையும் வெட்டி ஒட்டலாம் என்று பார்த்தால் இரண்டு பறையும் இரண்டு ஊர்ப் பறை மாதிரி இருந்தன. இரண்டாம் நாள் ஒரு 500 வாட் ஹாலஜன் விளக்கு கொண்டுபோய், டேக்குக்கு டேக் இடையில் அதன் முன்னால் பறையைப் பிடித்தோம். பிரச்சினை பாதிக்கு மேல் தீர்ந்தது.

அடுத்தது கிளிக். பல டேக்கை இணைக்க வசதியாக எல்லார் காதிலும் மெட்ரோனோம் சத்தத்தைப் போடுவது ஸ்டூடியோ வழக்கம். பம்பைக்கார அண்ணன் ஹெட்ஃபோனை மாட்டிய இரண்டாவது நிமிடமே கழற்றினார். "தம்பி, காதுக்குள்ள சுவத்துக்கோழி உக்காந்துட்டு கத்துது. சாமி வர்ற நேரத்துல இது எப்படி?" என்று கேட்டார். அவர் சொன்னது நியாயம். பம்பை தீர்மானத்தை நோக்கி வேகம் ஏறத்தான் செய்யும். அதை நிறுத்தினால் உயிர் போய்விடும். அன்று முழு நாள் வீணாய்ப் போனது.

நாங்கள் கண்ட வழி: கிளிக் டிரம்மருக்கு மட்டும். பம்பைக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டிரம்மரின் கையைப் பார்த்து வாசிப்பார். பம்பையே முன்னால் நிற்கும் இரண்டு ட்ராக்கில் தலைகீழாகச் செய்தோம். முதலில் பம்பையையும் பறையையும் கிளிக் இல்லாமல் பதிவு செய்து, வேகம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று குறிக்கும் டெம்போ மேப்பை இன்ஜினியர் அதன் மேல் கையால் போட்டார். ட்ராக்குக்கு இரண்டு மணி நேரம் ஆகும். பிறகு பேஸ், பியானோ, சாக்ஸ் எல்லாம் அந்த ஏற்ற இறக்கத்தோடு வாசித்தோம். ஆல்பத்தில் எனக்குப் பிடித்த இரண்டும் அவைதான்.

பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக இருக்கட்டும். ஸ்டூடியோவை விட்டுக் கிளம்பும்போது ஒவ்வொரு மைக்கின் தனிக் கோப்பையும் உங்கள் ஹார்ட் டிஸ்கில் வாங்கிக்கொண்டு, திறந்து பார்த்துவிட்டு, கடைசித் தவணையைக் கொடுங்கள். பணத்தை முதலில் கொடுத்த நான் கோப்புக்காக ஒன்றரை மாதம் போன் செய்தேன். இரண்டு பிரதி, இரண்டு வீட்டில்.

6. மிக்ஸிங், மாஸ்டரிங்

தனித்தனிப் பதிவுகளைக் கலப்பது மிக்ஸிங், கலந்ததை வெளியீட்டுக்குத் தயார் செய்வது மாஸ்டரிங். இதில் சொல்ல அதிகம் இல்லை. மிக்ஸ் செய்பவர் ஜாஸ் கேட்கிறவராக இருக்க வேண்டும். சினிமாப் பாட்டுக்குப் பழகியவர்கள் எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு ஏற்றிவிடுவார்கள். நாதஸ்வரம் மெதுவாக நுழையும் இடம் காணாமல் போகும். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் சுமார் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கிறது. அதைவிடச் சத்தமாக மாஸ்டர் செய்தால் அவர்களே குறைத்துவிடுவார்கள். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். "ராயல்டி ஃப்ரீ" என்று கிடைக்கும் லூப்களை (திரும்பத் திரும்ப ஒலிக்க விடும் தயார்த் துண்டுகள்) தொடாதீர்கள். அந்த லூப்பை ஆயிரம் பேர் வாங்கியிருப்பார்கள். நான் ஒரு ட்ராக்கில் எட்டு விநாடி உடுக்கை லூப் போட்டேன். யூடியூபில் ஏற்றியதும் யாரோ ஒருவர் பேரில் உரிமைக் கோரிக்கை வந்து நின்றது. உடுக்கை வாசிக்கும் ஆள் நம்மூரில் தெருவுக்கு ஒருவர் இருக்கும்போது லூப் எதற்கு என்று அம்மா கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

7. உங்கள் பெயரைச் சரிசெய்யுங்கள்

பலரும் இதை எளிதாக எடுத்துக்கொள்வார்கள். நம் ஊர் இனிஷியல்தான் வில்லன். ஆதாரில் "கே" என்று ஓர் எழுத்து, பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக, பாஸ்புக்கில் இனிஷியல் பின்னால். மூன்றும் நமக்கு ஒரே ஆள். வெளிநாட்டு நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். பணம் போட மறுத்துவிடும். ஆல்பம் ஏற்றுவதற்கு இரண்டு மாதம் முன்பே மூன்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். வங்கிக் கிளைக்கு மட்டும் எனக்கு நான்கு நடை ஆனது.

சொந்த லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) பெயரில் நடப்புக் கணக்கு வேண்டும் என்றால் வங்கி தொழிலுக்கான ஆதாரம் கேட்கும். உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு போதுமான தொடக்கம். ஆதார், பான் இரண்டும் இருந்தால் அரசு இணையதளத்தில் நீங்களே செய்யலாம், கட்டணம் கிடையாது. இணையத்தில் தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் ஆயிரம், இரண்டாயிரம் வாங்கும் தனியார் பக்கங்கள். முகவரி அரசுடையதுதானா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். முதல் ஆல்பத்துக்கு லேபிளே வேண்டாம் என்பது என் எண்ணம். சேமிப்புக் கணக்கும் உங்கள் பெயரும் போதும்.

8. ஏற்றுவது

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் எல்லாம் நம்மிடம் நேரடியாக வாங்காது. நடுவில் ஒரு விநியோகஸ்தர் வேண்டும். டிஸ்ட்ரோகிட் ஆண்டுச் சந்தா வகை. சந்தாவை நிறுத்தினால் ஆல்பம் கடையிலிருந்து இறங்கிவிடும். இறங்காமல் இருக்க ஒவ்வோர் ஆல்பத்துக்கும் தனியாக ஒரு தொகை கட்ட வேண்டும். ரூட்நோட்டில் இலவசமாக ஏற்றலாம், வருமானத்தில் 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். ஜாஸுக்கு வரப்போகும் வருமானத்தைப் பார்த்தால் இரண்டாவது வழி புத்திசாலித்தனம்.

வருமானம் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்பாட்டிஃபையில் ஒரு ட்ராக் பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்பட்டால்தான் அதற்குக் காசு உண்டு. என் ஏழில் மூன்றுதான் தாண்டின. கூடவே பேண்ட்கேம்பிலும் போடுங்கள். அங்கே கேட்பவர்கள் ஆல்பத்தை விலை கொடுத்து வாங்குவார்கள். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் அவர்களுக்கு, பணம் பேபால் வழியாக வரும். எனக்கு வந்ததில் பெரும்பகுதி அங்கிருந்துதான்.

படிவத்தை நிரப்பும்போது கவனிக்க வேண்டியவை. அட்டைப் படம் 3000க்கு 3000 பிக்சல். அதில் இணைய முகவரி, இன்ஸ்டாகிராம் பெயர், விலை எதுவும் இருக்கக் கூடாது. மூலையில் பொடி எழுத்தில் இன்ஸ்டா பெயர் இருந்ததற்கே என்னுடையது திரும்பி வந்தது. முதல் வகை ஜாஸ், இரண்டாவது வேர்ல்ட். மாற்றிப் போட்டால் ஜாஸ் கேட்பவர்கள் கண்ணில் படாது. பாடல் வரி இல்லாத ட்ராக்குக்கு "இன்ஸ்ட்ருமென்டல்" என்று குறியிடுங்கள். உங்கள் பெயரில் ஏற்கெனவே வேறொரு கலைஞர் இருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை, என் முதல் சிங்கிள் ஒரு பக்திப் பாடகர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அவருடைய ரசிகர்கள் பாவம்.

ஒவ்வொரு ட்ராக்குக்கும் ஐஎஸ்ஆர்சி என்று எழுத்தும் எண்ணும் கலந்த பன்னிரண்டு இடக் குறியீடு வரும். விநியோகஸ்தரே இலவசமாகத் தருவார். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளை வேறு விநியோகஸ்தருக்கு மாறும்போது அதே குறியீட்டைக் கொடுத்தால்தான் இதுவரை கேட்கப்பட்ட கணக்கு கூடவே வரும்.

வெளியீட்டுத் தேதியை நான்கு வாரம் தள்ளி வையுங்கள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு ஒரு ட்ராக்கைப் பரிந்துரைக்கலாம், குறைந்தது ஏழு நாள் முன்பு. வெளிவந்த பிறகு முடியாது. எதைப் பரிந்துரைப்பது என்று குழுவில் ஓட்டு எடுக்காதீர்கள். ஏழு பேர், ஏழு ட்ராக்.

பணம் வருவதற்கு டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவம் கேட்பார்கள். பயந்து விட்டுவிடாதீர்கள். நிரப்பினால் அங்கிருந்து வரும் ராயல்டியில் இந்தியா–அமெரிக்கா ஒப்பந்தப்படி 15 சதவீதம் பிடிப்பார்கள், நிரப்பாவிட்டால் 30. வரி எண் கேட்கும் இடத்தில் பான் எண். கையெழுத்துப் போட்ட ஆண்டுக்கு அடுத்த மூன்றாவது ஆண்டின் கடைசி வரை செல்லும். அங்கே பிடித்த வரியை இங்கே கணக்கில் காட்டிக் கழிக்க முடியும். ஆடிட்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

9. பதிப்புரிமைப் பதிவும் ஐபிஆர்எஸ்ஸும்

பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உங்களுடையதுதான். தகராறு வந்தால் காட்ட ஒரு சான்று, அவ்வளவே. மத்திய அரசின் காப்பிரைட் அலுவலக இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். இசைப் படைப்புக்கு ஒன்றுக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு ஒன்றுக்கு 2,000 ரூபாய். விண்ணப்பத்துக்கு டைரி எண் வந்ததும் யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று பார்க்க 30 நாள் காத்திருப்பு. அதன் பிறகுதான் பரிசீலனை. நான் ஏழு இசைப் படைப்பை மட்டும் பதிந்தேன். ஏழு ஒலிப்பதிவுக்கும் சேர்த்து இன்னொரு 14,000 கட்ட மனம் வரவில்லை.

ஐபிஆர்எஸ் என்பது இசையமைப்பாளர், பாடலாசிரியர்களுக்கான சங்கம். ரேடியோ, மேடை, ஓட்டல் போன்ற இடங்களில் உங்கள் இசை ஒலித்தால் அதற்கான தொகை இதன் வழியாக வரும். பான், ஆதார், ரத்து செய்த காசோலை, வெளிவந்த படைப்புகளின் பட்டியல் தயாராக இருக்கட்டும். ஆல்பம் வெளிவந்த பிறகு விண்ணப்பித்தால் போதும்.

10. எனக்கு ஆன செலவு

ஒத்திகைச் சாப்பாடு, பஸ் செலவு, பேட்டா 21,000. ஸ்டூடியோ நான்கு நாள், இன்ஜினியரோடு 40,000; அதில் ஒரு நாள் சுவர்க்கோழிக்குப் போனது. கலைஞர்கள் சம்பளம் 69,000. வண்டி 14,000. மிக்ஸிங் 28,000, மாஸ்டரிங் 10,500. அட்டை ஓவியம் 6,000. பதிப்புரிமை 3,500. ஏற்றுவதற்கு 2,000. கூட்டினால் 1,94,000 ரூபாய். வைகாசியில் போன ஸ்டூடியோ முன்பணத்தை இதில் சேர்க்கவில்லை, நினைத்தாலே எரிகிறது.

எங்கே குறைக்கலாம்? டிரம்ஸும் பறையும் மட்டும் ஸ்டூடியோவில் எடுத்துவிட்டு, சாக்ஸ், பியானோவை வீட்டில் பதியலாம். இரவு பத்துக்கு மேல் தெரு நாய்கள் சம்மதித்தால் நன்றாகவே வரும். கலைஞர் சம்பளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். ஜாஸ் வாசிப்பவருக்கு ஒரு விலை, பம்பைக்காரருக்குப் பாதி விலை என்றும் பேசாதீர்கள். ஒத்திகையிலேயே யாருக்கு எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

11. வெளிவந்த அன்று

எல்லாருக்கும் ஸ்பாட்டிஃபை லிங்க் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்தேன். மறுநாள் பம்பைக்கார அண்ணனிடமிருந்து போன். அவரிடம் இருப்பது பட்டன் போன். "தம்பி, நம்ம கூத்து வண்டியில போட்டுக் கேக்கணும், என்ன பண்றது?" பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன், வண்டி டெக் "எர்ரர்" என்றது. 24 பிட் வேவ் கோப்பைப் பழைய டெக்குகள் பல எடுக்காது. எம்பி3 ஆக மாற்றி, ட்ராக் எண் முன்னால் வருகிற மாதிரி பெயரிட்டு, ஆளுக்கொரு பென்டிரைவ் கொடுத்துவிடுங்கள். 16 ஜிபி வேண்டாம், கடையில் இருப்பதிலேயே சின்னது போதும்.